சவர்க்காரத்துக்குள் பெயர்

மண்டூர்க் கடைக்காரர் கனகசிங்கம் மூன்று அட்டைப்பெட்டிகளைத் தூக்கிவந்து பழுகாமத்துச் சவர்க்காரக் கொட்டிலின் மேசையில் போட்ட போட்டில், தராசுத் தட்டு எகிறி நிலத்தில் விழுந்தது. பிறகு ஒரு பொலித்தீன் பையை எடுத்துத் தனியாக வைத்தார். அதற்குள் பாதி தேய்ந்த சவர்க்காரம் ஒன்று கிடந்தது. தன் மனைவிக்கு இரண்டு கையும் முழங்கை மட்டும் தோலுரிந்துவிட்டதாகவும், ஆஸ்பத்திரியில் மருந்து கட்டியிருப்பதாகவும், இனிமேல் பழுகாமத்துச் சவர்க்காரம் தன் கடை வாசல் மிதிக்காது என்றும் சொன்னார். சொன்னவர் போகவில்லை, கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வழியிலிருந்த நாலு கடைக்கும் சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறார் என்பது அவர் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது.

கொட்டிலில் அளவு பார்த்துக் கொடுக்கிற பிரஷாந்தி அவரைப் பார்க்கவில்லை. சவர்க்காரம் கிண்டுகிற வதனியைப் பார்த்தாள்.

வதனியின் கடவுச்சீட்டு கல்முனையில் ஓர் ஏஜென்சிக்காரனிடம் இருந்தது. குவைத்தில் இரண்டு வருடம் வீட்டுவேலை செய்து திரும்பியவள். தைப்பொங்கல் கழியச் சொல்கிறேன் என்று அவனிடம் தவணை வாங்கியிருந்தாள். கொட்டில் ஓடினால் ஆறு வயது மகளோடு ஊரில் இருப்பாள், கொட்டில் மூடினால் திரும்பவும் விமானம் ஏறுவாள். இடையில் வேறொன்றும் கிடையாது. பொங்கலுக்கு இன்னும் மூன்று கிழமை இருந்தது.

யுத்தம் முடிந்து ஒன்றரை வருடம். அந்தக் கொட்டிலைப் போட்டுத் தந்த தொண்டு நிறுவனக்காரர்கள் அண்டாவும் அச்சும் தந்து, வாசலில் ஒரு பலகை நட்டு, அதன் முன்னால் பெண்களை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பலகையில் நிறுவனத்தின் பெயர் பெரிதாக இருந்தது, மாதர் சங்கத்தின் பெயர் சிறிதாக இருந்தது, சவர்க்காரம் கிண்டுகிற ஒருத்தியின் பெயரும் இல்லை. பிரஷாந்தி தன் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசல் கண்ட முதல் ஆள். இரசாயனம் படித்து முடித்து, வேலை கேட்டு வரிசை வரிசையாக நின்று கால் ஓய்ந்த பிறகு, அளவு பார்த்துக் கொடுக்க ஆள் வேண்டும் என்று சங்கம் கூப்பிட்டது, வந்தாள். வரும்போதே கோபத்தோடுதான் வந்தாள். எட்டாம் வகுப்போடு நின்ற வதனிக்கு அவளுடைய வயதுதான்.

அந்த வதனிதான் சவர்க்காரத்துக்குள் விபரம் எழுதின கடதாசித் துண்டு வைக்கிற கதையைத் தொடக்கினாள்.

சுனாமிக்குப் பிறகு களுதாவளைப் பள்ளிக்கூடத்தில் முகாமிருந்த நாட்களில் நிவாரணச் சவர்க்காரம் மூட்டை மூட்டையாக வந்ததாம். நனைந்த உறைகளை உரித்து எறிந்துவிட்டு வாளியில் கொட்டிக் கொடுத்தார்களாம். எது குளிக்கிறது, எது உடுப்புத் துவைக்கிறது என்று கொடுத்தவனுக்கும் தெரியாது, வாங்கினவளுக்கும் தெரியாது. வதனியின் தங்கச்சி கைக்குழந்தையை எதைக் கொண்டோ குளிப்பாட்டி, பிள்ளையின் உடம்பு தக்காளிப்பழமாகச் சிவந்துவிட்டது. எங்கிருந்து வந்த சவர்க்காரம் என்று வதனி கேட்டதற்கு, உறையைக் கழற்றின பிறகு அதை யார் கண்டது என்று பொறுப்பாளர் கையை விரித்தாராம். அதே கிழமையில், வீடிருந்த இடத்துச் சேற்றைக் கிண்டி எடுத்தபோது கல்யாணப் பதிவு, குடும்ப அட்டை எல்லாம் கூழ். லெமினேற் பண்ணியிருந்த அடையாள அட்டை மட்டும் துடைத்ததும் பளிச்சென்று வாசிக்கக் கிடந்தது.

இரண்டையும் சேர்த்து யோசிக்க அவளுக்கு ஐந்து வருடம் எடுத்தது. யோசித்த பிறகு அவள் விடவில்லை.

முதலில் பேனாவால் எழுதி லெமினேற் பண்ணி வைத்தாள். ஓரம் வழியே தண்ணீர் புகுந்து கடதாசி சோறாக வீங்கியது, மை ஓடிவிட்டது. கடதாசியை ஒட்டி வெட்டாமல், சுற்றிவர நக அகலத்துக்கு வெறும் பிளாஸ்ரிக் விட்டு வெட்டினாள். தண்ணீர் நின்றது. மை காரத்தில் வெளிறும், போட்டோக்கொப்பிக் கறுப்பு வெளிறாது என்று சொன்னது பிரஷாந்தி, அதையும் கேட்டுக்கொண்டாள். அடுத்ததாக, சவர்க்காரம் துண்டு இருந்த இடத்தில் பாண் மாதிரி இரண்டாகப் பிளந்தது. மூன்றாம் நாள் துண்டின் இரண்டு பக்கமும் காது போல் வெறும் பிளாஸ்ரிக்கை நீளமாக விட்டு, அந்தக் காதுகளில் கோப்புக்குத் துளை போடுகிற கருவியால் ஓட்டை போட்டுக்கொண்டு வந்தாள். ஓட்டைக்குள்ளால் கூழ் போய் அந்தப் பக்கத்துக் கூழோடு சேர்ந்து இறுகும், பிறகு எப்படிப் பிளக்கும் என்று கேட்டாள். பிளக்கவில்லை. கூர் மூலைகள் தோலைக் கீறாமல் நகவெட்டியால் உருட்டி வெட்டினாள். சவர்க்காரம் தேய்ந்து தகடானாலும் உள்ளே எழுத்து அப்படியே நின்றது: குளிக்க, எண்ணெய் இன்னது, காரம் இவ்வளவு, செய்த நாள், அண்டாவில் எத்தனையாம் வார்ப்பு, செய்தவர் பெயர். நாலு வருடம் ஆய்வுகூடத்தில் கண்ணாடிக் குழாய் பிடித்த பிரஷாந்திக்கு அந்த ஓட்டை தோன்றியிருக்காது. அவள் அதைத் தனக்குத்தானே ஒத்துக்கொண்டாள், எரிச்சலோடுதான் ஒத்துக்கொண்டாள்.

சங்கத் தலைவி அன்னப்பூரணிக்குக் கடைசி வரிதான் பிடிக்கவில்லை. ஒரு தாளில் பெயர் இருந்தால் என்ன நடக்கும் என்று படுவான்கரைப் பக்கத்தில் யாருக்கும் படிப்பிக்கத் தேவையில்லை; யுத்த நாட்களில் தாளில் பெயர் பார்த்துத்தான் ஆட்களைக் கொண்டுபோனார்கள்.

"பேரப் போட்டா, நாளைக்கு ஒண்டு நடந்தா ஆளைத் தேடி வருவானுகள் புள்ள."

"தேடி வரட்டும் மாமி. அதுக்குத்தானே போடுறன்."

இப்போது தேடி வந்து கதிரையில் இருந்தார் கனகசிங்கம்.

அன்னப்பூரணி அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தாள். எல்லாச் சவர்க்காரத்தையும் திருப்பி எடுத்துவிடுவோம், கொட்டிலையும் கொஞ்ச நாளைக்குப் பூட்டிவைப்போம், ஊர் மறக்கட்டும் என்று மெதுவாகச் சொன்னாள். கொஞ்ச நாள் என்று பூட்டின எதுவும் அந்தப் பக்கத்தில் திரும்பத் திறந்ததில்லை. பொலித்தீன் பையை அவள் மேசை ஓரமாகத் தள்ளினாள். வதனி அதை எடுத்தாள். வேண்டாம் என்று மாமி கண்ணைக் காட்டினாள். வதனி கத்தியை வைத்துச் சவர்க்காரத்தை அழுத்தினாள். அது உதிர்ந்தது. துண்டை எடுத்துப் பாவாடையில் துடைத்து, கனகசிங்கத்துக்குக் கேட்கிற மாதிரி வாசித்தாள்.

"பதினாலாம் வார்ப்பு. செய்தவர், வதனி."

கொட்டிலில் நின்ற நாலு பெண்களும் தலை குனிந்தார்கள். வதனி குனியவில்லை. அன்று கிண்டினது நான்தான், அந்த வார்ப்பில் பிழை இருக்கிறது, மற்றப் பதின்மூன்றிலும் இல்லை, இருந்தால் இதற்கு முன்னமே கை எரிந்திருக்கும் என்றாள். அவருடைய மனைவியை வந்து பார்க்கிறேன் என்றாள்.

பிரஷாந்தி அந்தத் துண்டை எட்டிப் பார்த்தாள். பதினாலாம் வார்ப்பு அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. காத்தான்குடி மர்சூக் காக்கா எப்போதும் ஐந்து லீற்றர்க் கேனில்தான் தேங்காயெண்ணெய் கொண்டுவருவார். அன்று கேன் ஒழுகுகிறது என்று சாராயப் போத்தல்களில் ஊற்றிக்கொண்டு வந்திருந்தார். எண்ணி எடுத்து வைத்தது பிரஷாந்தி. ஐந்து போதும் என்று சொன்னதும் அவள்தான். அச்சில் ஊற்றியபோது அறுபது வரவேண்டிய இடத்தில் நாற்பத்தெட்டுத்தான் வந்தது. வெட்டும்போது வதனி, இது உதிருதுகா, என்னவோ மாதிரிக் கிடக்கு என்று சொன்னாள். தேங்காயெண்ணெய்ச் சவர்க்காரம் அப்படித்தான் உதிரும், உனக்கு விளங்காது என்று இவள் சொன்னாள். உனக்கு விளங்காது. அந்தச் சொல்லை வதனி திருப்பிச் சொல்லவில்லை, இப்போதுகூடச் சொல்லவில்லை.

வாயை மூடிக்கொண்டு நின்றால் யாருக்கும் தெரியவராது. துண்டில் அவள் பெயர் இல்லை. அளவுக்காரியின் பெயரைப் போட யாருக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை. பிழை ஒன்று நடந்தால் மேலே இருக்கிறவன் பெயர் இல்லாமல் நழுவிவிடுகிறான் என்று பல்கலைக்கழகத்தில் எத்தனை கூட்டத்தில் கத்தியிருக்கிறாள். இந்தக் கொட்டிலில் மேலே இருக்கிறவள் அவள்தான் என்பது அந்த நிமிசம்தான் அவளுக்கு உறைத்தது.

மூலையில் கிடந்த வெறும் போத்தல் ஒன்றை எடுத்தாள். வாளித் தண்ணீரை நிரப்பி, மேசையில் இருந்த அளவுச் சாடிக்குள் எல்லாரும் பார்க்க ஊற்றினாள். தண்ணீர் எழுநூற்றைம்பதில் நின்றது.

"இது ஒரு லீற்றர் எண்டு நினைச்சு அஞ்சு போத்தல் குடுத்தது நான். எண்ணெய் காற்பங்கு குறைவு, கோஸ்டிக் காரம் முழுசு, மிஞ்சின காரம்தான் கையை எரிச்சது. வதனி அப்பவே சொன்னவள். நான் கேக்கல்ல."

கனகசிங்கம் சாடியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"பட்டதாரி எண்டு சொன்னாங்க. எங்கட வீட்டில அடுப்படிக்குப் போற ஆருக்கும் தெரியுமே புள்ள, போத்தல் முக்கால் எண்டு."

"ஓம். எனக்குத்தான் தெரியாது."

கனகசிங்கம் கதிரையை விட்டு எழும்பினார். பெட்டிகளைக் கிளறினார்கள். பதினாலாம் வார்ப்பில் பதினெட்டுச் சவர்க்காரம் பெட்டிக்குள் இருந்தது, அவருடைய மனைவியின் கையை எரித்தது ஒன்று, மீதி இருபத்தொன்பதும் ஊருக்குள். அது முழுவதும் திரும்பி வந்தால், மற்ற வார்ப்புகளைத் திரும்பக் கடையில் அடுக்குவேன், நாலு கடைக்கும் நானே போய்ச் சொல்வேன் என்றார். ஒன்று குறைந்தாலும் அடுக்கமாட்டேன் என்றார். வதனி சரி என்றாள். அடுத்த வார்ப்பிலிருந்து அளந்தவர் பெயரும் துண்டில் வரவேண்டும் என்று பிரஷாந்தி சொன்னாள். அதற்கும் வதனி சரி என்றாள், அவ்வளவுதான். ஆறுதலும் சொல்லவில்லை, குத்தியும் காட்டவில்லை.

மறுநாள் வதனியும் பிரஷாந்தியும் மண்டூருக்கு பஸ் ஏறினார்கள். முதலில் கனகசிங்கத்தின் வீட்டுக்குப் போய், கட்டுப் போட்ட கைகளின் முன்னால் இருந்து, இரண்டு பேரும் தங்கள் பிழையைச் சொன்னார்கள். அந்த அம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, யார் யார் எந்தக் கிழமை வாங்கினார்கள் என்று புருசனைவிடத் தெளிவாகச் சொன்னாள். பிறகு வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். சவர்க்காரத்தை யாரும் முழுசாக வைத்திருக்கவில்லை. பாதியாக வெட்டி மச்சாள் வீட்டுக்குக் கொடுத்திருந்தார்கள், உறை அடுப்புக்குள் போயிருந்தது, நாலு விதச் சவர்க்காரத் துண்டு ஒரே சிரட்டைக்குள் ஒட்டிக் கிடந்தது. வெளியில் இருந்து பார்த்தால் எல்லாம் ஒரே வெள்ளை. நகத்தால் சுரண்டியதும் எழுத்து வரும். பதினொன்று என்றால் திருப்பிக் கொடுத்தார்கள், பதினாலு என்றால் பைக்குள் போட்டு வேறு ஒன்றைக் கொடுத்தார்கள். வெட்டிய பாதியில் துண்டு இல்லாவிட்டால் மச்சாள் வீட்டுப் பாதியோடு சேர்த்துப் பார்த்தார்கள். இனி இரண்டு கரையிலும் ஒவ்வொன்று வைக்கவேண்டும் என்று வதனி நடந்தபடியே சொன்னாள். ஒரு கிழவர் மட்டும் தர மறுத்தார். அந்தச் சவர்க்காரம் போட்ட பிறகுதான் தன் மாட்டில் உண்ணி விட்டதாம். இந்தப் பிழையை இன்னும் கொஞ்சம் செய்து தந்தால் காசு தருவாராம். பிரஷாந்தி மூன்று நாளில் முதல் தரமாகச் சிரித்தாள்; இரண்டு புதியதைக் கொடுத்துத்தான் அதை வாங்க முடிந்தது.

நாலாம் நாள் இருபத்தொன்பதில் இருபத்தெட்டுச் சேர்ந்துவிட்டது. கடைசி ஒன்றைச் சந்தியிலிருந்த இராணுவ முகாமுக்கு விற்றதாகக் கனகசிங்கத்துக்கு ஞாபகம் வந்தது. அதை விட்டுவிடுவோம், அது கணக்கில்லை என்று அவரே சொன்னார். பிரஷாந்தியும் அதைத்தான் விரும்பினாள். விசாரணை என்று இராணுவம் கூட்டிக்கொண்டு போய்த் திரும்பி வராத அண்ணனைக் கேட்டு அவளுடைய அம்மா எத்தனையோ முகாம் வாசலில் நின்றிருக்கிறாள்; அப்படி ஒரு பெயரே எங்கள் கொப்பியில் இல்லை என்றுதான் எல்லா வாசலிலும் சொன்னார்கள்.

வதனி நேரே காவலரணுக்குப் போனாள். குவைத்தில் கூட வேலைசெய்த குருநாகல்காரியிடம் பொறுக்கின சிங்களத்தில் விசயத்தைச் சொன்னாள். காவலுக்கு நின்றவன் இரண்டு பேருடைய அடையாள அட்டையையும் வாங்கிக் கொப்பியில் பதிந்தான். உள்ளே போன இன்னொருவன் கழுத்தைச் சொறிந்துகொண்டே சவர்க்காரத்தோடு வந்தான். காதுக்குக் கீழே தோல் சிவந்து தடித்திருந்தது. துண்டு பாதி வெளியே தெரிந்தது. அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறான். தமிழ் வாசிக்கத் தெரியாமல் ஏதோ சாமி மந்திரம் என்று நினைத்தானாம். வதனி புதியதைக் கொடுத்து, பச்சைத் தண்ணீரில் நன்றாகக் கழுவச் சொல்லிவிட்டு வந்தாள்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது அவள் சொன்னாள், "சிங்களத்திலயும் எழுதோணும்கா. எழுத்தச் சின்னனாக்கினா இடம் காணும்."

"அவனுகளுக்கு என்னத்துக்கு? எரியட்டும்."

"எரிஞ்சா அது நம்மட சவுக்காரம். வாங்கினவனுக்கு வாசிக்கேலாட்டி, நான் மினக்கெட்டுத் துண்டு வச்சு என்ன பிரயோசனம்?"

பிரஷாந்திக்குப் பதில் இருந்தது, நிறைய இருந்தது. அவள் அண்ணனுக்காக வைத்திருந்த பதில் அது, அதை இவளிடம் சொல்ல முடியவில்லை. கோபம் போகவில்லை, போகவும் வேண்டாம். ஆனாலும், தன்னைத் தேடி வரட்டும் என்று பெயரை உள்ளே வைத்தவள், இப்போது வாசலுக்கு வாசல் தானே தேடிப் போகிறாள். கொப்பியில் பெயர் இல்லை என்று சொன்ன ஒருவனும் இவளுடைய கால்தூசிக்கு வரமாட்டான் என்று பிரஷாந்தி நினைத்தாள். அதைச் சொன்னால் இவளுக்குப் பிடிக்காது என்பதால் சொல்லவில்லை.

வதனி போனை எடுத்தாள். கல்முனை ஏஜென்சிக்காரன் உடனே எடுத்துவிட்டான். பயணத் திகதி கேட்டிருக்கவேண்டும்.

"இல்ல, நான் வெளிநாடு போகல்ல," என்றாள். "நாளைக்கு வாறன், பாஸ்போட்டத் திருப்பித் தர எடுத்து வையுங்க."