கேன் தண்ணியில் வந்த மஞ்சள்

குமரேசனுக்குச் சம்பளம் பதிமூவாயிரத்து எண்ணூறு. இதைச் சொல்லும்போது அவன் குரல் தானாக இறங்கிவிடும். வேலையைச் சொல்லும்போது மட்டும் ஏறும். "வாட்டர் ட்ரீட்மென்ட் பிளான்ட் ஆபரேட்டர்" என்று முழுசாகச் சொல்லி முடித்த பிறகுதான் மூச்சு விடுவான். அணையிலிருந்து வருகிற தண்ணீரைப் படிகாரம் போட்டுத் தெளியவைத்து, மணலில் வடிகட்டி, குளோரின் கலந்து ஊருக்கு அனுப்புகிற வேலை. கிரிவலம் வருகிற லட்சம் பேரும் தன் கைத்தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள் என்று அவனுக்கு ஒரு கர்வம். காண்ட்ராக்டர் அவன் சம்பளத்தில் என்னென்னவோ பிடித்துக்கொள்வார், இந்தக் கர்வத்தில் மட்டும் அவரால் கை வைக்க முடியவில்லை.

கை வைக்க வீட்டிலேயே ஆள் இருந்தது. "உங்க தண்ணி நாறுதுங்க" என்பாள் அவன் மனைவி உண்ணாமலை. தெருக்குழாயில் வருவது எப்போதும் 'உங்க தண்ணி'தான், ஏதோ அவன் வாயாலேயே துப்பி அனுப்புகிற மாதிரி.

வேங்கிக்காலில் வேணு என்பவரின் வீட்டில் பின்பக்கப் போர்ஷன் அவர்களுடையது. மூன்று வருஷமாக ஆறாயிரம் வாடகை. அங்கே போர்வெல் தண்ணீர் ஒரே உப்பு. குடிக்க மட்டும் கேன். முன்பக்க ஷெட்டில் மெஷின் வைத்து 'வேணு அக்வா' என்று கேன் விற்பவரும் அதே வேணுதான், கேன் நாற்பது ரூபாய். ஒன்று விட்டு ஒரு நாள் உண்ணாமலை ஒரு கேன் இறக்குவாள். ஒரு டம்ளர் குடித்து, "தேன் மாதிரி கீது பாருங்க" என்று அவன் முகத்துக்கு நேராகவே சொல்வாள். தண்ணீர் சுத்தம் செய்கிறவன் வீட்டில் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்குகிற கொடுமையை அவன் பிளான்ட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

இந்த மாதம் வேணு வாடகையை ஏழாயிரத்து ஐந்நூறு ஆக்கிவிட்டார். "பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஆந்திராக்காரங்க ஒரு நாளைக்கே ரெண்டாயிரம் தராங்கப்பா. உனக்காகத்தான் கம்மியா சொல்றேன். ஒண்ணாந் தேதிக்குள்ள முடிவு சொல்லிடு" என்றார். சொல்ல என்ன இருக்கிறது? கட்ட முடியாவிட்டால் மூட்டை கட்டிக்கொண்டு கீழ்பென்னாத்தூரில் அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அங்கே அண்ணி இருந்தாள். உண்ணாமலையும் அண்ணியும் ஒரே அடுப்பங்கரையில் நின்றால் பாத்திரத்துக்கு உத்தரவாதம் இல்லை. அதோடு கலெக்டர் ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ் கடையில் உண்ணாமலை வாங்குகிற ஏழாயிரத்தில் பாதி பஸ்ஸுக்கே போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு பேரும் இதைத்தான் பேசிப் பேசி அலுத்துப்போய் உட்கார்ந்திருந்தார்கள். திங்கட்கிழமை பிளான்ட்டில் இன்ஸ்பெக்‌ஷன். அதற்காகக் குமரேசன் குளோரின் பார்க்கிற பெட்டியைத் துடைத்து வைக்க வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தான். ஒரு கண்ணாடிக் குழாய், ஒரு சின்ன மருந்து பாட்டில், அவ்வளவுதான். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால், குளோரின் இருந்தால் மஞ்சளாகும்.

"அந்தத் தேன்ல ஊத்திப் பாக்கறேன் இரு" என்றான், வாடகைப் பேச்சிலிருந்து தப்பிக்க. "மெஷின் தண்ணில குளோரின் துளி கூட இருக்காது. வெள்ளையாவே நிக்கும், பாரு."

கேனிலிருந்து பிடித்தான். ஒரு சொட்டு விட்டான். குழாய் எலுமிச்சம்பழ மஞ்சளாக நின்றது.

குழாயைச் சரியாகக் கழுவவில்லை என்று நினைத்தான். மூன்று தரம் கழுவினான். மறுபடி மஞ்சள். புதுக் கேன் ஒன்றின் மூடியை உடைத்தான். அதுவும் மஞ்சள். குமரேசன் திருதிருவென முழித்தான். பிறகு அவனுக்கு விளங்கியது. விளங்கியதும் அப்படியே தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தான்.

"இன்னாங்க ஆச்சு உங்களுக்கு?"

"என் தண்ணிடி இது! குழாய்த் தண்ணியச் சம்புத் தொட்டில ஒரு நாள் விட்டு வச்சிருக்காரு. வாடை போயிடுச்சு, மருந்துக்கு மட்டும்தான் தெரியுது. உண்ணாமலை, நீ தேன் தேன்னு குடிச்சியே, அது நான் அனுப்பின தண்ணி!"

உண்ணாமலை கேனைப் பார்த்தாள். அப்புறம் அவளுக்கும் சிரிப்பு பிய்த்துக்கொண்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்க அனுப்பற தண்ணிய நாப்பது ரூபா குடுத்து நாமளே வாங்கிக்கினு இருக்கோம்" என்று சொல்லிவிட்டு மறுபடி முதலிலிருந்து சிரித்தாள்.

சிரிப்பு அடங்கியதும் அவள் புத்தி வேலை செய்தது. "வாங்க, ஓனர்கிட்ட போலாம். ஆனா ஒண்ணு, நீங்க வாயத் தொறக்கக் கூடாது. நான் பேசிக்கிறேன்."

"சத்தியமா தொறக்க மாட்டேன்" என்றான் குமரேசன். மனதாரத்தான் சொன்னான், பாவம்.

ஷெட்டில் வேணுவோடு இன்னொருவர் உட்கார்ந்திருந்தார். கோயில் பக்கம் ஒரு லாட்ஜில் மேனேஜர், பெயர் சக்திவேல். பௌர்ணமிக்கு இருநூறு கேன் வேண்டும் என்று பேச வந்திருந்தார். கையில் ஒரு டம்ளர். ஒரு வாய் குடித்தார், நிறுத்தினார், இன்னொரு வாய் குடித்தார்.

"வேணு சார், சும்மா சொல்லக் கூடாது. இந்த ஊர்ல இப்படித் தண்ணி நான் குடிச்சதே இல்ல. யார் கை வச்சதோ, கரெக்டா இருக்கு."

உண்ணாமலை புருஷன் காலை மிதித்தாள். பிரயோஜனம் இல்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒருத்தர் வாயிலிருந்தும் வராத வார்த்தை வந்துவிட்டது. அதை எப்படி அவன் விட்டுக்கொடுப்பான்?

"நான்தாங்க கை வச்சது!" என்றான் குமரேசன் தலைகால் புரியாமல். "அது என் தண்ணிங்க! குழாய்த் தண்ணி! உங்க லாட்ஜ்லயும் இதேதாங்க வரும்!" சட்டைப் பையிலிருந்து கண்ணாடிக் குழாயையும் மருந்து பாட்டிலையும் எடுத்து, அவர் டம்ளரிலிருந்தே ஊற்றி, சொட்டு விட்டு மஞ்சளைக் காட்டினான்.

சக்திவேல் மஞ்சளைப் பார்த்தார். வேணுவைப் பார்த்தார். "அப்போ நான் எதுக்குங்க எட்டாயிரம் குடுத்து உங்ககிட்ட வாங்கணும்?"

வேணுவின் முகம் போன போக்கைப் பார்க்கக் கண் போதாது. சக்திவேலுக்கோ குஷி தாங்கவில்லை. குமரேசன் தோளைத் தட்டினார். "ஊருக்கே தண்ணி குடுக்கறீங்க. நல்லா சம்பளம் குடுக்கறாங்களா உங்களுக்கு?"

குமரேசன் சொன்னான். குரல் வழக்கம்போல இறங்கியது.

"தீபத்தன்னிக்கு எங்க லாட்ஜ்ல ரெண்டு ரூமோட வாடகைங்க அது" என்றார் அவர். விளையாட்டாக ஆரம்பித்தவர் முடிக்கும்போது தலையைக் குனிந்துகொண்டார். குமரேசனுக்குச் சுருக்கென்றது.

வேணுவுக்கு அதற்குள் பேச்சு வந்துவிட்டது. "வியாபாரத்தக் கெடுத்துட்டல்ல? ஒண்ணாந் தேதி வீட்டக் காலி பண்ணுடா!"

குமரேசனுக்குக் கண்முன்னால் அண்ணி தெரிந்தாள். ஆனால் உண்ணாமலை ஒரு அடி முன்னால் வந்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். ஜெராக்ஸ் கடைக் கூட்டத்தை அதட்டி அதட்டிப் பழுத்த குரல் அவளுடையது.

"பண்றோம் சார். மூணு வருஷமா கேன்னு சொல்லிக் குழாய்த் தண்ணிய வித்தீங்களே, அந்தக் காச எடுத்து வைங்க. இப்பவே காலி பண்றோம்."

"மூணு வருஷமா? ஐயோ, அநியாயமா பேசாதம்மா!" என்று பதறினார் வேணு. "மெஷின் நின்னு பதினாலு மாசம்தான் ஆச்சு!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. சக்திவேல் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்.

"சரி சார், பதினாலுன்னே வச்சிக்குவோம்" என்றாள் உண்ணாமலை, ஒன்றும் நடக்காததுபோல. "பதினாலு மாசம் நாங்க ஏமாந்தோம். பதினாலு மாசத்துக்கு வாடகை ஏறக் கூடாது. இல்ல, நான் தெருவுல நின்னு கணக்குச் சொல்லட்டுமா?"

எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று ஏற்கெனவே திறந்திருந்தது. "மெதுவா பேசும்மா" என்றார் வேணு. "அதே ஆறாயிரம். போதுமா? போங்க."

பின்பக்கம் வந்து கதவைச் சாத்தியதும் குமரேசன் அவளை அப்படியே தூக்கி ஒரு சுற்று சுற்றினான். "விடுங்க, இடுப்பு போயிடும்" என்று கத்திக்கொண்டே அவளும் சிரித்தாள். பதினாலு மாசம்! பதினாலு மாசம் அண்ணி இல்லை!

மறுநாள் காலை ஷிஃப்ட்டுக்கு வண்டியை எடுக்கும்போது தெருக்குழாயில் உண்ணாமலை குடத்தோடு நின்றிருந்தாள். அங்கே அவள் நின்று அவன் பார்த்ததே இல்லை. எதிர்வீட்டு அருணாதேவி வாசலிலிருந்து கேட்டாள்: "இன்னா உண்ணாமலை, கேன் வாங்கலையா? இது நாறும்னு சொல்லுவியே?"

"யாரு சொன்னது?" என்றாள் உண்ணாமலை. கையில் ஒரு வாய் பிடித்துக் குடித்தாள். "இது எங்க வீட்டுக்காரர் தண்ணிக்கா."

குமரேசன் வண்டியைக் கிளப்பவே மறந்து நின்றான். சம்பளம் அதே பதிமூவாயிரத்து எண்ணூறுதான். அன்று பிளான்ட்டில் குளோரினை அளக்கும்போது, இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவர்கள் கண்ணுக்குத் தெரியாத அளவுகூட ஏறாமல் குறையாமல், ஒன்றுக்கு இரண்டு தரம் சரிபார்த்துப் போட்டான்.