மூன்றாவது பந்து

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்பாள் அம்மா. அது பாதிதான் சரி. மீதிக் கோபம் என் வலது கையில் இருந்தது. கோழி இறைச்சித் தொழிற்சாலையின் வெட்டுப் பிரிவில் ஆறு வருடம் நின்றவள் நான். குளிரில் விரல் மரத்துப்போகும். மரத்த விரலோடு மணிக்கணக்கில் கோழியைத் துண்டு போட வேண்டும். மாதத்துக்கு ஒருத்தியாவது தன் விரலையும் சேர்த்து வெட்டிக்கொள்வாள். மேற்பார்வையாளர் அவளைத் திரும்பிப் பார்க்க மாட்டார். ரத்தம் பட்ட கோழியைக் கழுவச் சொல்வார். அந்த ஆளை ஒருநாள் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினேன். ஐஸ் தொட்டிக்குள் விழுந்தார். வேலை போச்சு என்று பையை எடுத்துக்கொண்டு நின்றபோது முதலாளி கூப்பிட்டனுப்பி, "கையில இவ்வளவு பலம் இருக்கே, பந்து அடிப்பியா?" என்று கேட்டார்.

அவருடைய போட்டிக் கம்பெனிக்காரர் பெண்கள் வாலிபால் அணி ஒன்று வைத்து, போகிற இடமெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தாராம். இவருக்கு வயிற்றெரிச்சல். எங்கள் கிளப் பிறந்த கதை இவ்வளவுதான், பெரிய லட்சியம் ஒன்றும் கிடையாது. வெட்டுப் பிரிவிலிருந்து என்னை எடுத்தார்கள், பேக்கிங் பிரிவிலிருந்து என் தங்கையை. நான் ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு, அதனால் நெட்டை. அவள் என் தோளுக்கும் வரமாட்டாள், அதனால் குட்டி. நான் வலைக்கு மேலே எம்பி அடிக்கிறவள். அவள் லிபரோ. அதாவது, வேறு நிறச் சட்டை போட்டுக்கொண்டு பின்னால் நின்று, எதிரி அடிக்கிற பந்தைத் தரையில் விழவிடாமல் எடுக்கிறவள். வீட்டு மொட்டைமாடியில் தினமும் அவளுக்கு நூறு பந்து அடிப்பேன். இடது பக்கம், வலது பக்கம், காலடியில். பாய்ந்து பாய்ந்து எடுப்பாள். முழங்கை தோலுரிந்து ரத்தம் கசியும், "இன்னும் பத்தே பத்து, அக்கா" என்பாள்.

கோச்சாக வந்தவள் பழைய ஆட்டக்காரி. முழங்கால் போய், ஒரு காலை இழுத்து நடப்பாள். மரியாதையாக 'அவர்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. முதல் நாளே அணிக்கு எடுத்திருந்த பதினாலு பேரையும் வரிசையாக நிறுத்திக் கன்னத்தில் ஆளுக்கு ஓர் அறை விட்டாள். எதற்கு என்று கேட்டவளுக்கு இரண்டு. "கண்ணை மூடினவ எல்லாம் வீட்டுக்குப் போங்க" என்றாள். ஒன்பது பேர் மிஞ்சினோம். அதில் குட்டியும் நானும் இருந்ததில் அன்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அவள் கொண்டுவந்த வழக்கம் ஒன்று உண்டு. ஓர் ஆட்டம் தோற்றால், யாருடைய தப்பால் தோற்றதோ அவள் மறுநாள் காலை பயிற்சிக் கூடத்தின் பின்சுவரில் சாய்ந்து நிற்க வேண்டும். இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால். நகரக் கூடாது. ஆறு மீட்டர் தள்ளி நின்று இன்னொருத்தி மூன்று பந்து அடிக்க வேண்டும். அந்த இன்னொருத்தி யார் என்பதில்தான் கோச்சின் மூளை வேலை செய்தது. நிற்கிறவளுக்கு யார் ரொம்ப நெருக்கமோ, அவள்தான் அடிக்க வேண்டும். மெதுவாக அடித்தால் அந்தப் பந்து செல்லாது, திரும்ப அடிக்க வேண்டும்.

நான் அடிக்கப் பந்தைத் தூக்கிக் கொடுக்கிற எங்கள் செட்டரின் முன்பல்லை உடைத்தவள் அவளோடு சின்ன வயதிலிருந்து ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்த தோழி. பல் தெறித்ததும் தோழி மயங்கி விழுந்துவிட்டாள். செட்டர்தான் வாயெல்லாம் ரத்தத்தோடு அவள் முகத்தில் தண்ணீர் தெளித்தாள். அன்றிலிருந்து செட்டருக்கு ஓட்டைப்பல் என்று பெயர். நாங்கள் சிரித்தோம், அவளும் சேர்ந்து சிரித்தாள். இப்போது நினைத்தால் என்னை நானே காறித் துப்பிக்கொள்ளத் தோன்றுகிறது.

ஆனால் ஜெயித்தோமே, அதுதான் வெட்கக்கேடு. முதல் வருடம் வட்டார லீக். அடுத்த வருடம் அதற்கு மேலே. மூன்றாவது வருடம் தொழில்முறை கிளப்பாகப் பதிவு செய்தார்கள். கத்தியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு முழுநேரமும் பந்தைத் தொட்டோம். பஸ் வந்தது, பஸ்ஸின் பக்கவாட்டில் என் முகம் வந்தது. நான் எம்பினால் காலி இடத்தைத் தேடமாட்டேன், ஆளைப் பார்த்து அடிப்பேன். ஒருத்திக்கு மூக்கு உடைந்தது, இன்னொருத்திக்கு மணிக்கட்டு. ஒருமுறை வெளியூர் அரங்கில் ரசிகர்கள் நாற்காலியைப் பிடுங்கி எங்கள்மேல் எறிந்தார்கள். நாங்கள் அதையே திருப்பி எறிந்தோம். குட்டிக்குப் புருவத்தில் நாலு தையல். தையல் போட்ட கையோடு வந்து மீதி ஆட்டத்தையும் ஆடினாள், ஜெயித்தோம். பத்திரிகைக்காரர்கள் எங்களைக் 'கசாப்புக்காரிகள்' என்று எழுதினார்கள். முதலாளி அந்தப் பேரையே பனியனில் அச்சடித்து விற்றார்.

முதல்தர லீக்குக்கு ஏற ஒரு படிதான் பாக்கி. மூன்று ஆட்டம் வைத்தார்கள், இரண்டு ஜெயித்தால் போதும். முதல் ஆட்டம் ஐந்தாவது செட் வரை போய், பதினாலுக்குப் பதினைந்து என்று நின்றது. எதிரி அடித்த பந்து குட்டியின் இரண்டு கைக்கும் நடுவில் புகுந்து தரையில் விழுந்தது. ஆட்டம் போச்சு. அன்று அவள் நாற்பது பந்துக்கு மேல் எடுத்திருந்தாள். அதை யார் பேசுவார்கள்.

மறுநாள் காலை நாங்கள் கூடத்துக்குள் நுழைந்ததும் யாரும் சொல்லாமலே போய்ச் சுவரில் சாய்ந்தாள். கோச் பந்துக் கூடையைக் காலால் என் பக்கம் தள்ளினாள்.

"மேடம், புதன்கிழமை அடுத்த ஆட்டம் இருக்கு. இவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா..."

"அவளுக்கு உன்னைவிட நெருக்கமா இங்க யாராவது இருக்காங்களா?"

"இல்ல."

"அப்ப அடி."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். மூன்று வருடத்தில் ஒருத்தியும் சொன்னதில்லை. மேற்பார்வையாளரை ஐஸ் தொட்டியில் தள்ளியவள், அன்று வாயை மூடிக்கொண்டு பந்தை எடுத்தேன். இதற்கு இன்றுவரை எனக்கு ஒரு சமாதானமும் கிடைக்கவில்லை.

முதல் பந்தைத் தொடையில் அடித்தேன். சதையில் பட்ட சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. குட்டி உதட்டைக் கடித்துக்கொண்டாள். இரண்டாவதை மெதுவாக அடித்தேன். கோச் காலை இழுத்துக்கொண்டு வந்து என் பிடரியில் அறைந்தாள். "தாலாட்டா பாடறே? திரும்ப அடி" என்றாள். திரும்ப அடித்தேன். அது வயிற்றில் இறங்கியது. குட்டி மடிந்து விழுந்து, முட்டி போட்டபடியே வாந்தி எடுத்தாள். எட்டுப் பேர் பார்த்துக்கொண்டு நின்றோம். அவளே வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து, மறுபடி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"சீக்கிரம் முடிச்சிடு, அக்கா."

மூன்றாவது பந்தை அவள்மேல் அடிப்பதில்லை என்று முடிவு செய்தேன். அவளுடைய இடது பக்கம், ஒரு கை நீளம் தள்ளி, வெறும் சுவரில். முழுப் பலத்தோடு அடித்துவிட்டுக் குறி தவறிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். அதற்காகக் கோச் என் தோலை உரித்தாலும் பரவாயில்லை. பந்தைத் தூக்கிப் போட்டேன். கோச்மேல் இருந்த வெறி முழுவதும் அந்த அடியில் போனது. குறி தவறவில்லை. நான் நினைத்த இடத்துக்கே பந்து போனது.

ஆனால் அவள் லிபரோ. தன் பக்கத்தில் ஒரு பந்து விழப்போகிறது, அவளுக்கு அவ்வளவுதான் தெரியும். இடது பக்கத்துப் பந்துக்குப் பாய, மொட்டைமாடியில் வருடக்கணக்கில் அவளைப் பழக்கியவளே நான்தான். புத்தி தடுப்பதற்குள் கால் பாய்ந்துவிட்டது. கைகள் முதுகுக்குப் பின்னால் கோத்துக் கிடந்தன. பந்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது முகம் மட்டும்தான்.

பந்து இடது கண்ணில் மோதியது. பின்மண்டை சுவரில் அடித்தது. அந்தச் சத்தம் எப்படி இருந்தது என்று எழுத எனக்குத் தெம்பில்லை. சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். கண் இருந்த இடம் ரத்தக் குழியாகத் தெரிந்தது. காதிலிருந்தும் ரத்தம் வந்தது.

"எதுக்குடீ நகர்ந்தா இவ?" என்றாள் கோச்.

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் நான் நானாக இல்லை. கோச்சின் கழுத்தில் கிடந்த விசில் கயிற்றைப் பிடித்து அவளை இழுத்ததும், மூக்கில் குத்தியதும், அவள் விழுந்த பிறகும் குத்தியதும் நினைவிருக்கிறது. விசில் அவள் பல்லில் பட்டு உடைந்தது. நாலு பேர் சேர்ந்து என்னைப் பிய்த்து எடுத்தார்கள். ஓட்டைப்பல் குட்டியை முதுகில் சுமந்துகொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

குட்டி மூன்று நாள் கண் விழிக்கவில்லை. விழித்திரை கிழிந்துவிட்டது, இடது கண்ணில் இனிமேல் பார்வை வராது என்றார் டாக்டர். அந்த வாரமே கிளப் புதன்கிழமை ஜெயித்தது. சனிக்கிழமையும் ஜெயித்து முதல்தர லீக்குக்கு ஏறிவிட்டது. நானும் இல்லை, குட்டியும் இல்லை, ஆனாலும் ஏறிவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் அந்தப் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கையில் கல் இருந்திருந்தால் எறிந்திருப்பேன்.

லீக் அலுவலகம் விசாரணை வைத்தது. கிளப்பின் வக்கீல் ஒரே ஒரு வாதத்தைக் கையில் வைத்திருந்தார். பந்து வெறும் சுவருக்குத்தான் போனது, அந்தப் பெண் தானாகவே நகர்ந்து குறுக்கே வந்தாள், நின்ற இடத்தில் நின்றிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அவ்வளவும் உண்மை. விசாரணை அறிக்கை பேப்பரில் வரும், குட்டி படிப்பாள்.

விசாரணைக்கு முந்தின நாள் மத்தியானம் உடை மாற்றும் அறையில் எல்லோரையும் உட்கார வைத்தேன். நான் அவள் முகத்தைப் பார்த்துத்தான் அடித்தேன், அவள் அசையவில்லை என்று சொல்லுங்கள் என்றேன்.

"உனக்குப் பைத்தியமாடீ?" என்றாள் ஓட்டைப்பல். "வேணும்னே வெளிய அடிச்சேன்னு சொல்லு. தப்பிச்சிடுவே."

"அதைச் சொன்னா அவ நகர்ந்ததும் வெளிய வந்துடும். சும்மா நின்னிருந்தா கண்ணு பிழைச்சிருக்கும்னு தெரிஞ்சா, ஆயுசுக்கும் தன்னையே திட்டிக்கிட்டுக் கிடப்பா. என்னைத் திட்டட்டும்."

"அவ உன்னை மன்னிக்கவே மாட்டா."

"தெரியும்."

ஓட்டைப்பல் ரொம்ப நேரம் தன் ஷூ லேஸை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். பிறகு தலையாட்டினாள். மற்றவர்களும் ஒவ்வொருத்தியாகத் தலையாட்டினார்கள்.

மறுநாள் மூன்று அதிகாரிகளுக்கு எதிரே நின்று சொன்னேன். "கோச் முகத்துல அடிக்கச் சொன்னாங்க. நான் முகத்தைப் பார்த்துத்தான் அடிச்சேன். அவ அசையவே இல்ல." எனக்குப் பின்னால் வந்த எல்லோரும் அதையே சொன்னார்கள். மூக்கில் பிளாஸ்திரியோடு கோச் எழுந்து, "எல்லாரும் பொய் சொல்றாளுங்க, அவ நகர்ந்தா" என்று கத்தினாள். கண்ணால் பார்த்தவர்களில் அன்று உண்மை பேசியவள் அவள் ஒருத்திதான். யாரும் நம்பவில்லை. அவளுக்கு ஆயுள் தடை. எனக்கும் ஆயுள் தடை, அதோடு போலீஸ் கேஸ். கிளப்புக்குப் புது கோச் வந்தார். பஸ்ஸில் இருந்த என் முகத்தின்மேல் பெயின்ட் அடித்தார்கள்.

பேப்பரில் செய்தி வந்த நாள் நான் மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். டயர் கடைக்கு மேலே இரண்டு அறை, அதுதான் எங்கள் வீடு. அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள், என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. குட்டி ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தாள். கண்ணில் போட்டிருந்த கட்டைப் பிரித்திருந்தார்கள். மடியில் பேப்பர் கிடந்தது.

"ரெண்டாவது பந்துல வாந்தி எடுத்தேன், எழுந்தேன். அதுக்கப்புறம் ஒண்ணுமே ஞாபகம் இல்ல" என்றாள். "இதுல போட்டிருக்கறது நிஜமா? என் முகத்தைப் பார்த்தா அடிச்சே?"

"ஆமா."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

பக்கத்தில் இருந்த எவர்சில்வர் சொம்பை எடுத்து எறிந்தாள். அது ஒரு முழம் தள்ளிக் கதவில் பட்டு உருண்டது. ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடவில்லை. அது அவளுக்கு இன்னும் வெறியைக் கிளப்பியது. எழுந்து தடுமாறிக்கொண்டே வந்து, இடது கையால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு வலது கையால் அடித்தாள். கன்னத்தில், வாயில், காதில். என் உதடு கிழிந்தது. அம்மா தடுக்கவில்லை. கை ஓய்ந்த பிறகு சட்டையை விட்டுவிட்டு மூச்சு வாங்கினாள்.

"நல்லவேளை" என்றாள். "நான்தான் நகர்ந்துட்டேனோன்னு ஆஸ்பத்திரியில தினமும் பயந்து செத்துக்கிட்டிருந்தேன்."

அவள் முகத்தில் அவ்வளவு நிம்மதியை நான் அதுவரை பார்த்ததில்லை. பிறகு இந்த வீட்டுப் பக்கம் இனிமேல் வராதே என்றாள். அம்மா உள்ளே போய் என் பையை எடுத்துவந்து வாசலில் வைத்தாள். நான் அதை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.