பதினாறு அங்குல வாள்

கடைசல்காரியின் கணவர் சொந்த வீட்டுப் பட்டறைக்குள் பதினொரு நாள் அடைபட்டுக் கிடந்தார். வாசலை அடைத்துக்கொண்டு கிடந்தது ஒரு தூங்குமூஞ்சி மரக்கட்டை. தன்னை அறுக்க எந்த வாளின் பேச்சை எடுத்தாலும், அந்த வாளைவிட ஓர் அங்குலம் பருத்துவிடுவது அதன் வழக்கம். மற்றபடி நல்ல கட்டை. பூச்சி இல்லை, பொந்து இல்லை.

லேத்தில் மரக்கிண்ணம் கடைந்து விற்பது அவள் தொழில். ஒன்பது வருடமாகத் துண்டு போட்டுக் கொடுத்த மர அறுப்புக்காரர், கட்டையை வாழைக்காய் நறுக்குவதுபோல வட்டம் வட்டமாக அறுத்துத் தருவார். மரத்தின் நட்டநடுவில் ஓடும் கரு அந்த வட்டத்துக்குள்ளேயே நின்றுவிடும். காயக் காயக் கருவிலிருந்து வெடிப்பு கிளம்பும். மூன்று கிண்ணம் கடைந்தால் ஒன்று ஒழுகும். கட்டையை நீளவாக்கில் பிளந்து, கருவை எடுத்துவிட்டு, பாதிப் பாதியாகக் கடைந்தால் வெடிக்காது. இதை அவள் தலைதலையாக அடித்துக்கொண்டு சொல்லியும் அவர் காதில் ஏறவில்லை. கடைசியில் சொந்தமாக ஒரு சங்கிலி வாள் வாங்கிவிடுவது என்று முடிவெடுத்தாள். அந்த வாரமே இந்தக் கட்டை கிடைத்தது. ஆட்கள் அதைக் கூடத்துக்குள் உருட்டிவந்து பட்டறை வாசலில் போட்டார்கள். கணவர் அப்போது உள்ளே இடம் ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

தெருவில் அவருக்குத் தாராளம் என்று பெயர். சட்டை வாங்கினால் இரண்டு பேர் நுழையலாம். செருப்பு வாங்கினால் நடக்கும்போது அவருக்குப் பின்னால் இன்னொரு ஆள் வருவதுபோலச் சத்தம் கேட்கும். பதினெட்டு அங்குல வாள் என்று அவள் வாயெடுத்ததும், “பதினெட்டா? எதுக்கும் இருபத்தஞ்சா வாங்கிடு, பின்னாடி உதவும்” என்றார். கட்டை இருபத்தாறு ஆனது. அவரே நாடா பிடித்து அளந்துவிட்டு, அப்படியானால் முப்பத்தாறு அங்குல வாள் என்றார். முப்பத்தேழு ஆனது. அப்போதுகூடத் தாண்டி வந்திருக்கலாம். விஷயம் முடியட்டும் என்று உள்ளே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, “மில்லுல ஆறடி வாள் வெச்சிருக்காங்களாமே?” என்று கேட்டார். கட்டை சத்தம் காட்டாமல் எழும்பி நிலையின் தலையில் போய் முட்டியது. அதோடு அவர் முகம் மறைந்தது. பட்டறையின் ஒரே ஜன்னலுக்கு இரும்புக் கம்பி. சாப்பாடு, துணி, செய்தித்தாள் எல்லாம் அந்தக் கம்பி வழியாகப் போயின. லேத்தும் அவரோடு உள்ளே மாட்டிக்கொண்டது. வேலை நின்றது. மேல்சுவரில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு விரிசலும் கண்டது.

நாத்தனார் வந்து கட்டையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, “என்ன அண்ணி, எங்க அண்ணன இப்படிப் பூட்டி வெச்சுட்டீங்க?” என்றாள்.

“நான் எங்க பூட்டினேன்? அவர் வாயாலேயே பூட்டிக்கிட்டார்.”

“எனக்குக் கேக்குதும்மா!” என்று உள்ளிருந்து குரல் வந்தது.

பேச்சால் ஏறியது பேச்சால் இறங்காதா என்று நாத்தனார் கட்டையின் பக்கம் குனிந்து, கிளை கழிக்கிற நாலு அங்குலக் கைவாளைப் பற்றிப் பத்து நிமிடம் புகழ்ந்து பார்த்தாள். கட்டை மசியவில்லை. பேச்சுக்கு ஏறுமே தவிர இறங்காது. நம்மில் பல பேர் அப்படித்தானே. வீட்டுக்குள் வந்து இறங்கிய வாளைக் கண்டால்தான் அது நம்பி இறங்கும் என்று கடைசல்காரிக்குப் பட்டது, அதைச் சொன்னாள். “அப்ப அந்தக் கைவாளையே வாங்கிடுங்க அண்ணி. கட்டை அஞ்சங்குலமா ஒடுங்கிடும், அண்ணன் குதிச்சு வந்துடுவார்” என்றாள் நாத்தனார். “அஞ்சங்குலக் கட்டையில ஊறுகாய்க் கிண்ணம்தான் வரும். உங்கண்ணனும் வெளிய வரணும், கட்டையும் கட்டையா இருக்கணும்” என்று சொல்லிவிட்டுக் கடைசல்காரி பையை எடுத்துக்கொண்டாள்.

கடைக்காரர் பெட்ரோல் வாளில் ஆரம்பித்தார். அறுக்கப்போவது ஆள் அடைபட்ட வீட்டுக்குள். புகை ஆகாது என்று ஒதுக்கினாள். மின்சார வாளில் இருபத்து நாலைக் காட்டி, “கட்டை ஆறடின்னு சொல்றீங்க, இதுவே பத்தாதும்மா” என்றார். அவள் அதைத் தூக்கிப் பார்த்துக் கீழே வைத்தாள். பதினாறு அங்குல வாளை எடுத்து இடுப்புயரத்தில் பிடித்துக்கொண்டு, “கை தாங்குதான்னு பாக்கறேன், நீங்க டீயக் குடிங்க” என்றாள். அவர் ஊதி ஊதிக் குடித்து முடிக்கும் வரை அவள் கை அசையவில்லை. வீட்டுக்குள் வந்த வாளைவிட ஓர் அங்குலம் மட்டும் பருத்து நிற்கிற கட்டை அது என்று அவருக்கு விளக்கினாள்.

“எப்படிப் பாத்தாலும் ஒரு அங்குலம் கொறையுமேம்மா?”

“கொறையட்டும். இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி அறுத்தா நடுவுல சேந்துடும். என் லேத்துல பதினாறுக்கு மேல சுத்தாது. அதுக்கு மேல தடியா இருந்து எனக்கென்ன, தூணா நிறுத்தப்போறேன்?”

வீட்டுக்கு வந்து வாளைக் கட்டையின் எதிரே தரையில் வைத்தாள். எண்ணெய் ஊற்றினாள், சங்கிலியை இழுத்து முறுக்கம் பார்த்தாள். நாத்தனார் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அரைமணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு நிலையின் மேல் ஒரு கோடு வெளிச்சம் தெரிந்தது. அதில் அவர் நெற்றி தெரிந்தது, மூக்கு தெரிந்தது, பதினொரு நாள் தாடி தெரிந்தது. கட்டை பதினேழில் வந்து நின்றது. தாராளம் வேட்டியை மடித்துக் கட்டி ஒரு காலை இந்தப் பக்கம் போட்டார். வாளைப் பார்த்ததும் அவர் வாய் திறந்தது. “என்னங்க!” என்றாள் அவள். வாயை மூடிக்கொண்டு மறு காலையும் எடுத்து வைத்தார்.

அன்றே கட்டை உருளாமல் இருபுறமும் ஆப்பு வைத்து, பதினேழு அங்குல நீளத்துக்கு ஒரு துண்டு போட்டாள். துண்டைப் படுக்கவைத்து, கருவுக்கு இந்தப் பக்கம் ஒரு கோடு, அந்தப் பக்கம் ஒரு கோடு கிழித்து நீளவாக்கில் பிளந்தாள். சீவல் நூல் நூலாகச் சுருண்டு அவள் கணுக்காலை மூடியது. நடுவில் கருவோடு ஒரு பலகை தனியே கழன்று விழுந்தது. இரண்டு பாதிகளையும் விளிம்பு கழித்துப் பதினாறுக்குள் கடைந்து, காயவைத்த கிண்ணங்களில் தண்ணீர் ஊற்றி வைத்து மூன்று நாள் பார்த்தார்கள். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

பிறகு பல வருடம் அந்தக் கட்டையிலிருந்தே அறுத்தாள். மிச்சம் இப்போதும் கூடத்தில் கிடக்கிறது. வருகிறவர்கள் அதில்தான் உட்காருகிறார்கள். பதினேழு அங்குலம், உட்காரத் தோதான உயரம். நெட்டையாக யாராவது வந்து முழங்கால் இடிக்கிறது என்றால், கடைசல்காரி கணவரைத் திரும்பிப் பார்ப்பாள். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு இருபது அங்குல வாளைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுவார். கட்டை இருபத்தொன்றுக்கு எழும்பும்; ஆள் போனபின் பதினாறு அங்குல வாளை எதிரே வைத்தால் இறங்கிவிடும். வந்தவர் காலை நீட்டி வசதியாக உட்கார்ந்துகொண்டு, கிண்ணம் என்ன அளவில் வேண்டும் என்று சொல்லத் தொடங்குவார்.