முப்பதா, ஐம்பதா

1969இல் இலங்கையின் பெல்மதுளை பஜாரில் மோட்டார் சாமான் கடை வைத்திருந்தவர் சண்முகநாதன். எஞ்சின் ஒயில் விற்பனையை அவருடைய மனைவி சீதாதேவி பார்த்துக்கொண்டார்.

ஒரு நாள் மலைத் தேயிலைத் தோட்டமொன்றின் உதவி நிர்வாகியான சின்னத்துரை விக்கிரமநாயக்க தனது ஸ்போர்ட்ஸ் காரில் வந்தார். பழைய கார். எஞ்சினைப் பிரித்து, சுழலும் தண்டைத் தாங்கும் பெயரிங் எல்லாம் புதிதாகப் போட்டிருந்தார்.

“ஐம்பது நம்பர் ஒயில் ஒரு கேலன் குடுங்க. ரேஸ் ஓடுறவங்க அதுதான் ஊத்துறாங்க.”

“உங்க தோட்டத்துல காலையில குளிர் எப்பிடிங்க?” என்று சீதாதேவி கேட்டார்.

“போர்வைய விட்டு எழும்ப மனசு வராது.”

“அப்ப முப்பது போதுங்க. ஐம்பது தடிப்பு. புது பெயரிங் இறுக்கமா இருக்கும். காலையில ஸ்டார்ட் பண்ணினா ஒயில் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர நேரமாகும்.”

சின்னத்துரைக்கு அது பிடிக்கவில்லை. “ஐயாவைக் கூப்பிடுங்களேன்,” என்றார்.

உள்ளேயிருந்து வந்த சண்முகநாதன், “ஒயில் விஷயம்னா நானே அவங்ககிட்டதான் கேக்குறதுங்க,” என்றார்.

சின்னத்துரை ஐம்பதையே வாங்கிக்கொண்டு போனார். மூன்றாம் நாள் திரும்பி வந்தார்.

“காலையில ஸ்டார்ட் பண்ணினதும் கடகடன்னு சத்தம் வருது. கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் நிக்குது.”

சீதாதேவி எதையும் சொல்லிக்காட்டவில்லை. எஞ்சின் சூடு ஆறும் முன்பே பழையதை இறக்கச் சொல்லி, முப்பதை ஊற்றக் கொடுத்தார். மறுநாள் காலையில் சத்தம் வரவில்லை.

அடுத்த வாரம் தோட்ட லொரி டிரைவர் ஒரு கடிதம் கொண்டுவந்தார். லொரிக்கு எந்த ஒயில் நல்லது என்று சின்னத்துரை கேட்டிருந்தார். உறையின் மேல் சீதாதேவியின் பெயர் இருந்தது. அவர் படித்துவிட்டு டிரைவரிடம் கேட்டார்:

“லொரி எஞ்சின் எத்தனை வருஷப் பழசுங்க?”