பசைக்கு முளைத்த விரல்

பலகை ஒட்டும் பிரிவின் மேஸ்திரியும், ஒட்டியது சரியா என்று பார்க்கும் பரிசோதகரும் மூன்று மாதமாகப் பேசிக்கொள்வதில்லை. மேஸ்திரி, பரிசோதகருடைய மனைவிக்கு அண்ணன். ஒரே நாளில் மச்சானின் பன்னிரண்டு பலகைகளை ஒட்டவில்லை என்று தள்ளினார் பரிசோதகர். பிளந்து காட்டியும் மச்சானுக்குக் கோபம் தீரவில்லை. அன்றிலிருந்து இருவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. "எங்கண்ணன் உங்ககிட்ட வாயைத் திறக்கிற வரைக்கும் நானும் திறக்க மாட்டேன்" என்று மனைவியும் சொல்லிவிட்டாள். சொன்ன சொல் தவறாதவள். பாவம், மனிதர் வீட்டில் ரேடியோவோடுதான் பேசிக்கொண்டிருக்கிறார்.

சோதனை எளிது. படகுத் தளத்துக்கான பலகையை விளக்கில் லேசாகச் சூடுகாட்டி, வெப்பக் கேமராவில் பார்க்க வேண்டும். உள்ளே பசை பிடிக்காத இடத்தில் சூடு கீழே இறங்காமல் மேலேயே தங்கி, திரையில் மஞ்சளாகத் தெரியும்.

அன்று முதல் பலகையின் நடுவில் மஞ்சளாக ஒரு கை தெரிந்தது.

"கையளவுக்கு ஒட்டலைன்னு சொல்லுங்க," என்றார் பரிசோதகர், நடுவில் நின்ற பேக்கிங் அக்காவிடம்.

"அவர் கண்ணுதான் ஒட்டிக்கிச்சுன்னு சொல்லுங்க," என்றார் மேஸ்திரி.

அக்காவுக்குப் பொறுமை போயிற்று. "அஞ்சு விரலும் இருக்கே! பசைக்கு எப்பய்யா விரல் முளைச்சுது? இப்ப பலகையைத் தட்டிக் கொடுத்தது யாரு?"

மேஸ்திரி தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார். தன் பலகைகளையெல்லாம் பெற்ற பிள்ளையைப்போலத் தட்டிக்கொடுத்து அனுப்புவது அவர் வழக்கம். உள்ளங்கைச் சூடு ஆறட்டும் என்று விட்டு, மறுபடி சூடுகாட்டினார்கள். கையைக் காணோம்.

இரண்டாவது பலகையில் வட்டமாக ஒரு மஞ்சள்.

"அதுவும் என் கைதான்," என்று முந்திக்கொண்டார் மேஸ்திரி.

பரிசோதகர் திரையையும் பார்த்தார், மச்சானையும் பார்த்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சாயங்காலமே வீட்டில் மனிதக் குரல் கேட்கும். ஆனால் அந்தத் தளத்தின்மேல் ஆட்கள் நிற்பார்களே.

"இதையும் இன்னொரு தடவை சூடுகாட்டச் சொல்லுங்க," என்றார் ஈனக்குரலில்.

இம்முறை மேஸ்திரி கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, திரையில் மூக்கு இடிக்கப் பார்த்தார். வட்டம் போகவில்லை. விரல் முட்டியால் தட்டினார். காலி டப்பாவைப்போலச் சத்தம் வந்தது. சாக்கட்டியைத் தானே எடுத்துப் பலகையில் பெருக்கல் குறி போட்டார். பிறகு அக்காவை நகரச் சொல்லிவிட்டுப் பரிசோதகரை நேராகப் பார்த்தார்.

"மாப்ளே, இது ஒட்டலை."

பரிசோதகருக்குக் கண் கலங்கிவிட்டது. அவசரமாக வீட்டு எண்ணை அழுத்தி, போனை மச்சானின் வாய்க்கு நேரே நீட்டினார்.

"மச்சான், இதையே இன்னொரு தடவை சொல்லுங்க. நான் சொன்னா அவ நம்ப மாட்டா!"