கீழ் மூன்று தட்டுகள்

அந்த வீட்டில் மணி ஏழு ஆனதைக் கடிகாரம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. கூடத்தில் நாத்தனார் தும்மத் தொடங்கினால் ஏழு. பெரும்பாலும் ஒன்பது தும்மல், சில நாள் பதினொன்று. அடுப்படியில் நின்றபடி எண்ணுவது போர்டுக்காரியின் வேலை.

"இன்னிக்குப் பத்து, அண்ணி."

"உனக்கு வேற பொழப்பே இல்லையா" என்று மூக்கடைத்த குரலில் பதில் வரும்.

போர்டுக்காரி என்பது நாத்தனார் வைத்த பெயர். மின்னணுத் தொழிற்சாலையில் பச்சை நிறச் சர்க்யூட் போர்டுகளைச் சோதிக்கும் வேலையைப் பத்து வருடமாகச் செய்கிறாள். நாத்தனார், அதாவது கணவனின் அக்கா, ஆஸ்பத்திரி வார்டுகளின் சுத்தத்தை முப்பது வருடம் மேற்பார்வை பார்த்தவர். ஜன்னல் விளிம்பில் விரலை ஓட்டி, ஒன்றும் பேசாமல் அந்த விரலைப் பெருக்குகிறவரின் முகத்துக்கு நேரே நீட்டுவாராம். கணவர் இறந்தபின் தம்பி வீட்டுக்கு வந்து பதினொரு வருடம் ஆகிறது. ஓய்வு பெற்று இரண்டு வருடம். தும்மலுக்கும் வயது இரண்டுதான்.

போன வாரம் டாக்டர் தீர்மானமாகச் சொல்லிவிட்டார். தூசிதான் காரணம், வீட்டில் தூசி குறையாவிட்டால் வேறு இடத்தில் இருந்து பார்க்கட்டும் என்றார். கடலோர ஊரில் இருக்கும் சின்னத் தம்பி அதைக் கேட்டதும், "நீ இங்க வந்துடுக்கா, காத்தோட்டமான வீடு" என்று போனிலேயே முடித்துவிட்டான். இரண்டு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை காரோடு வருவதாகப் பேச்சு. நாத்தனார் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. அன்றைக்கே துணிமணிகளைப் பெட்டியில் அடுக்கி வாசல் கதவோரம் நிறுத்திவிட்டார்.

தினமும் அந்தப் பெட்டியைத் தாண்டித்தான் போர்டுக்காரி வேலைக்குப் போக வேண்டியிருந்தது. தாண்டும்போதெல்லாம் பழைய நாள் நினைவுக்கு வந்தது. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது அவருக்குக் காலை வார்டு, இவளுக்கு மதிய ஷிஃப்ட். அதே வாசலில்தான் இருவரும் குழந்தையைக் கை மாற்றிக்கொண்டார்கள். அதெல்லாம் போகட்டும். இவர் போய்விட்டால் இந்த வீட்டில் அவளோடு சரிக்குச் சரி சண்டை போட யார் இருக்கிறார்கள்? கணவன் அதற்கு லாயக்கில்லை. அவன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன், எந்தச் சண்டையிலும் அவன் கால் பிரேக்கில்தான் இருக்கும்.

அண்ணியை அனுப்புவதில்லை என்று அவள் முடிவு செய்துவிட்டாள். எங்கே கை வைக்க வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரியும். கூடத்துச் சுவரை அடைத்து நிற்கும் ஆறு தட்டு ஷெல்ஃப் அது. பார்ப்பதற்குக் கண்ணாடி, தொட்டால் பிளாஸ்டிக். ஓய்வு பெற்றதிலிருந்து நாத்தனார் ஒரு ரோஸ் நிற நைலான் துணியை வைத்துக்கொண்டு அதைத் தினமும் மூன்று வேளை தேய் தேய் என்று தேய்ப்பார். ஈரத்துணி போட்டால் கோடு விழுமாம், அதனால் எப்போதும் உலர்ந்த துணிதான். தேய்த்த அரை மணியில் தட்டு மறுபடி சாம்பல் பூத்துவிடும். உடனே அடுத்த தேய்ப்புக்கு நேரம் வந்துவிடும்.

செவ்வாய்க்கிழமை போர்டுக்காரி ஒரு ஆன்டி ஸ்டாட்டிக் ஸ்ப்ரே வாங்கி வந்தாள்.

"பிளாஸ்டிக்கில ஒரு மாதிரி கரண்ட் ஏறிக்கும் அண்ணி. அதுதான் தூசியை இழுத்துப் பிடிக்குது. கம்பெனியில போர்டு பாழாகாம இருக்க மேசைக்கெல்லாம் இந்த மாதிரி மருந்துதான் அடிப்போம். இதைத் தடவினா கரண்ட் நிக்காது, தூசியும் ஒட்டாது."

நாத்தனார் பாட்டிலை வாங்கி, திருப்பிப் பார்த்து, மேசையில் வைத்தார்.

"முப்பது வருஷம் தூசியோட குடித்தனம் பண்ணவ நான். எனக்குப் பாட்டில்ல பாடம் கொண்டு வந்திருக்கியா?"

கரண்ட் எப்படி ஏறுகிறது என்பதையும் அப்போதே சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. முப்பது வருடம் தூசியோடு மல்லுக்கட்டிய கையைப் பார்த்து 'உங்கள் தேய்ப்புதான் காரணம்' என்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. அதற்குப் பதிலாகப் பந்தயம் கட்டினாள். மேல் மூன்று தட்டு அண்ணிக்கு, அவர் இஷ்டப்படி தேய்க்கலாம். கீழ் மூன்று தட்டு அவளுக்கு. கீழே தூசி ஒட்டாமல் இருந்தால் அண்ணி ஊருக்குப் போகக் கூடாது. நடுவில் ஒரு பச்சை டேப் ஒட்டினாள்.

"என் பக்கம் நீங்க கை வைக்கக் கூடாது."

"எனக்கென்ன தலையெழுத்தா?"

கணவன் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு நழுவினான்.

அவள் ஜன்னலைத் திறந்து வைத்தாள். முதலில் ஈரத்துணியால் தூசியை எடுத்தாள். பிறகு ஸ்ப்ரேயை மெல்லிய துணியில் அடித்து, தட்டுகளை லேசாகத் தடவி அப்படியே காயவிட்டாள். நாலு நாளில் அண்ணி வாயடைத்துப் போவார் என்பதில் அவளுக்குத் துளி சந்தேகம் இல்லை.

நாலாம் நாள் காலை அவளே வாயடைத்துப் போனாள். மேல் தட்டிலும் கீழ்த் தட்டிலும் ஒரே தூசி. நாத்தனார் பதினொன்று தும்மி முடித்துவிட்டு மேல் தட்டில் ஓட்டிய விரலையும் கீழ்த் தட்டில் ஓட்டிய விரலையும் நீட்டிக் காட்டினார். அதில் வெற்றிக் களை இல்லை என்பதைப் போர்டுக்காரி கவனித்தாள். அவர் முகம் வாடித்தான் இருந்தது.

பஸ்ஸில் போகும்போது யோசித்தாள். பத்து வருடமாக வேலை செய்கிற மருந்து வீட்டுக்கு வந்ததும் வேலைநிறுத்தமா செய்யும்? மருந்தில் கோளாறு இல்லை. ஒரு போர்டு சோதனையில் தேறாவிட்டால் அவள் முதலில் போர்டைச் சந்தேகப்பட மாட்டாள், அதைத் தொட்ட கை எது என்று பார்ப்பாள். அப்போதுதான் கடைசித் தட்டின் மூலையில் ரோஸ் நிற நூல் ஒன்று சிக்கியிருந்தது நினைவுக்கு வந்தது. பாதி நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்பினாள்.

நாத்தனார் தரையில் உட்கார்ந்திருந்தார். மூட்டு வலிக்காரர், மாடிப்படிக்கே பெருமூச்சு விடுகிறவர், கீழ்த் தட்டின் உள் மூலை வரை கையை நீட்டி ரோஸ் துணியால் தேய்த்துக்கொண்டிருந்தார். கதவுச் சத்தம் கேட்டதும் துணியை மடிக்குள் மறைத்தார்.

"என்ன அண்ணி பண்றீங்க?"

"தேடிட்டிருந்தேன். கண்ணாடியை."

"கண்ணாடி உங்க மூக்கு மேல இருக்கு."

நாத்தனார் மூக்கைத் தொட்டுப் பார்த்தார். பிறகு துணியை எடுத்துத் தரையில் போட்டார்.

"உன் மருந்தை நான் நம்பல. அதுக்காக நீ தோத்துட்டா நான் பெட்டியைத் தூக்கணுமே. நாலு நாளா நீ கெளம்பினதும் உன் பக்கத்தை நான்தான் நல்லாத் தேச்சு வெக்கிறேன். நீ ஜெயிக்கட்டும்னுதான்."

போர்டுக்காரிக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. அவரைக் கட்டிக்கொள்ளலாமா, கையைப் பிடித்து உலுக்கலாமா என்று தெரியாமல் எதிரே உட்கார்ந்தாள். இனியும் மென்று விழுங்கினால் இந்த மனுஷி பாசத்தாலேயே ஊர் போய்ச் சேர்ந்துவிடுவார்.

ஒரு டிஷ்யூ பேப்பரை எடுத்துப் பொடிப்பொடியாகக் கிழித்துத் தரையில் போட்டாள். ஷெல்ஃபில் இருந்த பிளாஸ்டிக் போட்டோ ஸ்டாண்டை எடுத்து அவரிடம் கொடுத்தாள்.

"இதை உங்க துணியால தேயுங்க. எப்பவும் தேய்க்கிற மாதிரியே."

நாத்தனார் தேய்த்தார். அதை வாங்கித் துண்டுகளுக்கு மேலே பிடித்தாள். ஒவ்வொன்றாகத் துள்ளி எழுந்து ஒட்டிக்கொண்டன.

"அப்போ இந்தத் தும்மல் எல்லாம்?"

"ஆமா அண்ணி. நீங்க தேய்க்கத் தேய்க்க அது இழுக்குது. இழுத்ததை மறுபடி தேச்சு மூக்குல ஏத்திக்கிறீங்க. என் மருந்தையும் சேர்த்து வழிச்சு எடுத்துட்டீங்க."

"முப்பது வருஷம்" என்றார் நாத்தனார், தாழ்ந்த குரலில்.

"அங்க இரும்புக் கட்டில், ஈரத்துணி. அங்க நீங்க செஞ்சதுல ஒரு தப்பும் இல்ல. இது பிளாஸ்டிக், இதுக்கு வேற வைத்தியம். இதை நான் முதல் நாளே சொல்லியிருக்கணும். உங்களுக்கு வருத்தமாயிடும்னு முழுங்கினேன். தப்பு என்மேலயும் இருக்கு."

"இருக்கு" என்று நாத்தனார் உடனே ஒப்புக்கொண்டார். "எழுந்திரு. முதல்லேருந்து பண்ணு. ஆறு தட்டும்."

டேப்பைக் கிழித்தார்கள். மூக்கில் துணி கட்டி நாத்தனார் அடுப்படி வாசலில் நின்று மேற்பார்வை பார்க்க, போர்டுக்காரி ஆறு தட்டையும் ஈரத்துணியால் எடுத்து, மருந்து தடவிக் காயவிட்டாள். அடுத்த ஞாயிறு வரை யாரும் தொடக்கூடாது என்பது ஏற்பாடு. அந்த வாரம் நாத்தனார் பட்ட பாடு சொல்லி மாளாது. கூடத்தைக் கடக்கும்போதெல்லாம் கை துறுதுறுத்தது. ரோஸ் துணியைத் தாமாகவே போர்டுக்காரியின் அலமாரியில் வைத்துப் பூட்டச் சொன்னார். மூன்றாம் நாள் தும்மல் ஆறானது, ஐந்தாம் நாள் மூன்று. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஒன்றும் கேட்காததால் போர்டுக்காரி பயந்து ஓடி வந்து பார்த்தாள். நாத்தனார் நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

ஞாயிறு காலை, சின்னத் தம்பி கிளம்புவதற்கு முன் போன் செய்தான். "இரு" என்று சொல்லி, நாத்தனார் போனைப் பிடித்தபடியே ஷெல்ஃபிடம் போனார். ஒரு தட்டு விடாமல் விரலை ஓட்டினார். ஒன்றும் பேசாமல் அந்த விரலைப் போர்டுக்காரியின் முகத்துக்கு நேரே நீட்டினார். சாம்பல் பூத்ததாகச் சொல்ல ஒன்றும் இல்லை, லேசான ஒரு தடம்தான்.

"வாரத்துக்கு ஒரு தடவை ஈரத்துணி, மாசத்துக்கு ஒரு தடவை மருந்து, போதும்" என்றாள் போர்டுக்காரி.

நாத்தனார் போனில் சொன்னார். "நீ வா. சாப்பிட்டுட்டுப் போ. நான் வரல."

பிறகு வாசலுக்குப் போய்ப் பெட்டியைப் பார்த்தார். இரண்டு வாரமாக ஒருவரும் தொடாத அதன் தலையில் தூசி படிந்திருந்தது. குனிந்து பார்த்து முகம் சுளித்தார்.

"இதுவும் பிளாஸ்டிக்தானே. இதுக்கும் உன் மருந்தை அடிச்சுடலாமா?"

போர்டுக்காரி பெட்டியைத் திறந்து துணிகளை அள்ளி அவர் கையில் கொடுத்தாள். காலிப் பெட்டியைத் தூக்கிப் பரணின் கடைசி மூலைக்குத் தள்ளினாள்.

"இதுக்கு வேண்டாம் அண்ணி. இதுல படியட்டும்."