பெரு தேசத்துக்கு ஒரு சங்கல்பம்

திதி செய்துவைக்கும் ஆத்து வாத்தியார் கையை விரித்துவிட்டார். "அமெரிக்காவுக்கு இருக்கு, லண்டனுக்கு இருக்கு. பெருவுக்கெல்லாம் எங்கிட்ட சங்கல்பம் இல்லை மாமா. பையனைப் பொதுவா சொல்லிக்கச் சொல்லுங்கோ."

பொதுவாக என்றாலே ஸ்ரீரங்கனுக்குப் பிடிக்காது. முப்பத்திரண்டு வருஷம் மயிலாப்பூர் தபாலாபீசில் இருந்தவர். திதி கொடுப்பவன் முதலில் சங்கல்பத்தில் தான் எந்தத் தேசத்தில், எந்த மலைக்கு எந்தப் பக்கம், எந்த ஆற்றங்கரையில் உட்கார்ந்திருக்கிறான் என்று சொல்லவேண்டும். அனுப்புநர் விலாசமே இல்லாத எள்ளும் தண்ணீரும் மனைவி ஜலஜாவிடம் எப்படிப் போய்ச் சேரும்? அவள் போனபோது மகன் சாய்நாத்தால் வரமுடியவில்லை. அவன் வேலை பார்க்கும் சுரங்க ஊரில் பனி பாதையை மூடிக் கிடந்தது. வருகிற வியாழன் அவளுடைய முதல் வருஷத் திதி. அதையாவது அவன் சரியாகச் செய்துவிடவேண்டும். அவருக்கு வேறு ஆசை இல்லை.

அதற்காக ஒரு மாதம் 29சி பஸ் பிடித்து அடையாறில் ஒரு நூலகத்துக்குப் போனார். வீட்டில் பேச ஆளில்லாதவருக்கு அது ஒரு சாக்கும்கூட. தடித்த பழைய புத்தகம் ஒன்றில் அவன் ஊரான புக்யோபம்பாவுக்கு முக்கால் பக்கம் இருந்தது. பதினாலாயிரம் அடி உயரம். 1907இல் செம்பு கண்டார்கள், 1921இல் நகராட்சி ஆக்கினார்கள். ஜனத்தொகை நம் சித்திரக்குளத்தைச் சுற்றி இருப்பதில் பாதி தேறாது. மேயர்களின் பெயர்கள் வரை அவருக்கு மனப்பாடம். வடக்கே சாச்சா மலை, அடிவாரத்தில் அதே பெயரில் ஆறு. சாச்சா மலைக்குத் தென்பக்கம் என்பதை சாச்சா பர்வதஸ்ய தக்ஷிணே பார்ச்வே என்று அவரே கட்டி, வாத்தியாரிடம் காட்டித் திருத்தி, ஏர்மெயிலில் அனுப்பினார்.

செவ்வாய் காலை ஏழு மணிக்கு சாய்நாத் போன் செய்தான்.

"லெட்டர் வந்துதுப்பா. ஆனா நீ எழுதின மலை இங்க இல்லை."

"இல்லேன்னா? வடக்கே பாரு."

"வெட்டி எடுத்தாச்சுப்பா. நான் வரதுக்கு முன்னாடியே. ஆத்தையும் குழாய்ல திருப்பி விட்டுட்டா. பழைய ஊர்ல பாதி போயிடுத்து. இப்ப அது ஒரு பள்ளம். அதோட விளிம்புலதான் என் ரூம்."

ஸ்ரீரங்கன் நாற்காலியில் உட்கார்ந்தார். புத்தகத்தில் 1955 என்று போட்டிருந்ததை அவர் பார்க்காமல் இல்லை. நாற்பது வருஷத்தில் மலை எங்கே போய்விடும் என்று இருந்துவிட்டார்.

"இந்த வருஷம் நீயே பண்ணிடேன்பா. எனக்கு இங்க சொல்லிக்க ஒண்ணுமில்லை." சாய்நாத்தின் குரல் உடைந்தது. "லீவு நாளெல்லாம் அந்தப் பள்ளத்தைத்தான் பாத்துண்டு உக்காந்திருக்கேன்."

ஐந்து வருஷமாக அவன் சௌக்கியம் என்றுதான் சொல்லிவந்தான். மேயர்களையெல்லாம் தெரிந்துவைத்துக்கொண்டவருக்கு இது தெரியவில்லை. தன்மேலேயே அவருக்கு ஆத்திரம் வந்தது.

"உன் ரூம் பள்ளத்துக்கு எந்தப் பக்கம்?"

"தெற்கே."

"பேனா எடுத்துக்கோ." தன் நகலில் பர்வதத்தை அடித்தார். "மஹா கர்த்தஸ்ய தக்ஷிணே தீரே. பெரும்பள்ளத்தோட தென்கரையிலேன்னு அர்த்தம். எங்க, சொல்லு."

அத்தனை கடலையும் தாண்டிக் குரல் வரக் கொஞ்சம் நேரமாயிற்று. அட்சரம் பிசகாமல் சொன்னான்.

"சரியாக் கேக்கலை," என்றார் ஸ்ரீரங்கன். "இன்னொரு தரம் சொல்லு."